ஐந்தாவது ஈரடி

அன்று லாகூர் முல்தான் ரோடு ஸ்டுடியோவின் பாட்டு அறையில் இருந்தவர்கள் இவர்கள்: ஆர்மோனியத்துக்குப் பின்னால், வெள்ளை விரிப்பின் நடுவில், இசையமைப்பாளர் மாஸ்டர் நியாமத். அவருக்கு வலப்பக்கம், மடியில் ஆரஞ்சுத் தோல்களோடு, பாடகி அல்மாஸ். சுவரோரம் உருண்டைத் தலையணையில் சாய்ந்தபடி படமுதலாளி பர்கத் அலி. விரிப்பில் உட்கார மனமில்லாமல் நாற்காலி கேட்டு வாங்கி, அதையும் அல்மாஸுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டவர் சஃப்தர் சாகிப். அவருக்குப் பின்னால், புர்காவின் முகத்திரையை மட்டும் தூக்கிவிட்டு, அவருடைய காலமான தம்பியின் மனைவி துர்தானா. கதவருகே தபலாக்காரரும் இருந்தார்.

எல்லோரும் கூடியது துர்தானா ஈரடிகளாக எழுதிய கஸல் கவிதையைக் கேட்பதற்காக. பெண்கள் பள்ளியில் பாரசீகம் கற்பிக்கும் துர்தானா, 'நிகார்' என்ற புனைபெயரில் ஒரு மாதர் இதழுக்கு எழுதி வந்தாள். மாஸ்டரின் மனைவி வாங்கும் இதழ் அது. மாஸ்டர் படித்துவிட்டு, மெட்டுப் போட்டுவிட்டுத்தான் முதலாளியிடமே சொன்னார். முதலாளி சஃப்தர் சாகிப்பைப் பார்த்துப் பேசினார். எல்லாம் முடிந்த பிறகு துர்தானாவுக்குச் சொன்னார்கள்.

படத்தில், காதலனுக்கு வேறொருத்தியோடு நிச்சயமாகிற சபையில், கதாநாயகி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பாட வேண்டிய பாட்டு அது. அல்மாஸ் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பள்ளிக்கூட மேசையில், விடைத்தாள்களுக்கு நடுவே எழுதிய வரிகளா இவை என்று துர்தானாவுக்கே சந்தேகம் வந்தது. நான்காவது ஈரடி முடிந்தது. தபலா ஓய்ந்தது. அல்மாஸ் தண்ணீர்க் குவளையை எடுத்தாள்.

துர்தானா காத்திருந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அஞ்சாவது எங்க மாஸ்டர் சாகிப்?"

மாஸ்டர் ஆர்மோனியக் கட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அது வேணாம் பேகம்," என்றார் பர்கத் அலி. "நாலே போதும்."

"அதுலதானே என் பேரு இருக்கு? கஸலை முடிக்கிற ஈரடி அது. எழுதினவங்க பேரு அங்கதான் வரும்."

"அதனாலதான் வேணாங்குறேன். படத்துல பொண்ணு பேரு மெஹ்ரூ. அவ வாயில நிகார்னு வந்தா, முன்வரிசைக்காரன் 'யாருடா அந்த நிகார்'னு விசிலடிச்சுக் கேப்பான்."

"கேக்கட்டுமே. தெரிஞ்சுக்குவான்."

அல்மாஸுக்குத் தண்ணீர் புரையேறியது. சிரிப்பும் கூடவே வந்தது.

சஃப்தர் சாகிப் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "துர்தானா, இது நான் போட்ட நிபந்தனை. பாட்டைக் குடுக்குறேன், வீட்டுப் பொம்பளை பேரு வெளியில வரக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் குடுத்தேன். பீடாக்கடைல எவனோ பாடுவான், ரிக்சாக்காரன் பாடுவான். நாளைக்கு நான் பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோட போறது?"

"இதே முகத்தோடதான் பாய்ஜான். நிகார்ங்கிறது உங்க பேரு இல்லையே."

"பாய்ஜான் கழுத்தைத் திருப்பினா சுளுக்கிக்குமோ?" என்றாள் அல்மாஸ். "நாங்களும் மனுசங்கதான். பார்த்தா பாவம் ஒட்டாது. இவ்வளவு நேரம் காது குளுர கேட்டீங்களே, அதுல ஒட்டாததா?"

"அல்மாஸ்!" என்று அதட்டினார் பர்கத் அலி.

"சும்மா இருங்க முதலாளி. எங்க அம்மா எனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தப்ப, கஸலைப் பாதியில விட்டா அன்னிக்குச் சோறு கிடையாது. எழுதினவங்க பேரைச் சொல்லாம எந்திரிக்கிறவ திருடின்னு சொல்லுவா. மாஸ்டர் அஞ்சுக்கும் மெட்டுப் போட்டாரு, எனக்குச் சொல்லியும் குடுத்தாரு. என்ன மாஸ்டர், மெட்டு மறந்துருச்சா?"

மாஸ்டர் நியாமத் முதலாளியைப் பார்த்தார். பிறகு துருத்தியை இழுத்தார். அல்மாஸ் பாடினாள்:

*விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்களே, கேட்டுவிட்டுப் போங்கள்:*
*இருட்டிலும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வாள் நிகார்.*

'நிகார்' என்று வந்த இடத்தில் அவள் வலது கையால் காது மடலைத் தொட்டாள். பெரிய ஆசான்களான உஸ்தாதுகளின் பெயரைச் சொல்லும்போது மட்டுமே பாடகர்கள் அப்படித் தொடுவார்கள். எழுதத் தொடங்கியதிலிருந்து அந்தப் பெயரை யாரும் சத்தமாக அவள் முன்னால் சொன்னதேயில்லை. முதன்முதலாகச் சொன்னவள் இப்படிச் சொன்னாள்.

சஃப்தர் சாகிப் எழுந்துவிட்டார். "போதும். பர்கத் சாகிப், அந்த ஒப்பந்தத் தாளை எடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். நாலு ஈரடி. விஷயம் முடிஞ்சுது."

பர்கத் அலி தலையைச் சொறிந்தார். "உங்க கையெழுத்து செல்லாது சாகிப். இசைத்தட்டுக் கம்பெனிக்காரங்க, எழுதினவங்களே கைப்பட சம்மதம் எழுதணும்னு கேக்குறாங்க. பேகம், ஒரே வரி. 'ஆட்சேபம் இல்லை'ன்னு எழுதிக் குடுத்துருங்க. இல்லேன்னா என் கம்பெனிக் கவிஞரு ஒரு பொழுதுல வேற பாட்டு எழுதிருவாரு. உங்க பாட்டு மாதர் இதழ்லயே கிடக்கும்."

"கிடக்கட்டும். அங்க முழுசா கிடக்கும்."

"யோசிச்சுப் பேசு," என்றார் சஃப்தர் சாகிப். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் கூரையில இருந்துக்கிட்டுத் தெருவுல பேரு விக்கிறதுன்னா, வேற கூரை பார்த்துக்க."

துர்தானா நிதானமாக எழுந்தாள்.

"மேல்மாடி உங்க தம்பி கட்டினது பாய்ஜான். அவரு இருந்தப்ப ஒவ்வொரு கஸலையும் முதல்ல அவருக்குத்தான் படிச்சுக் காட்டுவேன். கடைசி ஈரடி வந்ததும், இன்னொருக்கா சொல்லுன்னு கேப்பாரு. அந்தக் கூரையிலேருந்து என்னை எறக்கணும்னா, கோர்ட்டுக்கு வாங்க. அங்கயும் பேரு கேப்பாங்க. சொல்லுவேன்."

வீடு திரும்பும் டாங்காவில் சஃப்தர் சாகிப் குதிரைக்காரன் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். துர்தானா பின்னால் தனியாக உட்கார்ந்தாள். பாட்டு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அல்மாஸின் குரலில் அதை இனி யாருமே கேட்காமல் போகலாம். ஆனால் பெயரில்லாமல் அதே குரலில் ஊரெல்லாம் கேட்பதைவிட அது மேல்.

மறுநாள், வகுப்பு இல்லாத நேரத்தில், ஆசிரியைகள் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். முதலாளிக்கு அல்ல, நேராக இசைத்தட்டுக் கம்பெனிக்கு:

"ஐயா, இந்தக் கஸலை எழுதியவள் நான். இதில் ஐந்து ஈரடிகள் உண்டு. ஐந்தும் பாடப்பட்டால் எனக்குச் சம்மதம். நான்கு மட்டும் என்றால் சம்மதமில்லை. இசைத்தட்டில் என் கணவர் வீட்டார் பெயரோ, வேறெந்தக் கவிஞர் பெயரோ வரக்கூடாது. என் சார்பில் யாராவது கையெழுத்திட்டுக் கடிதம் கொண்டுவந்தால், அது என்னுடையது அல்ல. என் கையெழுத்து கீழே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும்."

கீழே நிகார் என்று எழுதினாள். மை காயட்டும் என்று ஊதினாள். பக்கத்து நாற்காலியில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "யாருடி இது நிகார்?" என்றாள்.

"நான்தான்."

பள்ளி விட்டதும் தபால் நிலையத்துக்கு நடந்தாள். உறையின் பசையை நாக்கில் தடவி ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பதிவுத் தபால் சன்னலில் இருந்தவர், "அனுப்புறவங்க பேரு?" என்றார். "நிகார்," என்றாள் அவள். அவர் எழுதிக்கொண்டு, முத்திரையை இரண்டு குத்துக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குப் பையில் போட்டார்.