அச்சில் வெண்கட்டி வளையம்

குணலட்சுமி சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினாள். சைக்கிள் எங்கேயும் போகவில்லை, ஸ்ராண்டில் நின்றது. பின்சில்லில் பூட்டிய இரண்டு டைனமோக்களிலிருந்து வயர் போய்ப் பஞ்சலிங்கத்தின் பெட்டிக்குள் நுழைந்தது. போரால் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் போன தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் அந்தப் பெட்டிக்கு அவளுடைய கால்தான் உயிர் கொடுத்தது.

அவள் புருசன் பஞ்சலிங்கம் முன்பு ஆலை ஒன்றில் இரும்புக்குள் வெடிப்புப் பார்க்கிற வேலை செய்தவன். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பினால், அது வெடிப்பில் பட்டுத் திரும்பி, அந்தப் பெட்டியின் திரையில் ஒரு பல்லாக எழும்பும். ஆலை பூட்டி, ஷெல்லுக்குப் பயந்து கரவெட்டிக்கு ஓடிவந்தபோது, மனைவி தையல் மெஷினுக்காகக் கெஞ்ச, பெட்டியைத் தூக்கிவந்த மகாராசன் அவன். இரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்கு வேலை கொண்டு ஒருவரும் வரவில்லை. குணலட்சுமியின் தம்பி இளையதம்பி லொறி ஓட்டுகிறவன். அவனுடைய நச்சரிப்புத் தாங்காமல் இன்றுதான் லொறி முதலாளி நாகலிங்கம், லொறிச் சில்லுக்குப் பூட்டவிருந்த பழைய இரும்பு அச்சு ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டிருந்தார்.

கிறீஸ் கிடைக்காத காலம். ஒலி இரும்புக்குள் இறங்க, பஞ்சலிங்கம் உடுப்புத் தோய்க்கப் பிசைந்து வைத்திருந்த பனங்களியை வழித்து அச்சின் முனையில் பூசி, அதன்மேல் பெட்டியின் கருவியை வைத்தான். திரையில் புல் முளைத்ததுபோல ஒரே இரைச்சல். அவள் களைத்தால் கோடு மங்கியது.

"நிப்பாட்டாதை. சாப்பிட்டனீதானே," என்றான்.

அவளுக்கு மூச்சிழுப்பு வருத்தம் இருப்பது தெரிந்துதான் சொன்னான். கிடைத்தது பத்துப் பன்னிரண்டு எதிரொலிதான். இடம் மாறி மாறி வந்ததையெல்லாம் கழித்தான். மூன்று மட்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அவனுக்கு அது போதும். அளந்து, அச்சைச் சுற்றி வெண்கட்டியால் ஒரு வளையம் போட்டான்.

"இதிலை வெடிப்பிருக்கு அண்ணை. பூட்டாதேங்கோ."

நாகலிங்கம் வளையத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. சுத்தியலால் தட்டினார். அச்சு கணீரென்றது.

"கோயில் மணி மாதிரிக் கிடக்கு. பொம்பிளையை மிதிக்கவிட்டுப் படம் பாக்கிறீரோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். இளையதம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பஞ்சலிங்கத்துக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

அச்சைப் பூட்டினார்கள். லொறி வெங்காயமும் அதன்மேல் சனமுமாக வல்லை வெளி தாண்டிச் சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தது. ஒரு கிழமை கழித்து இளையதம்பி தனியாக வந்து நின்றான்.

"அத்தான், இன்னொருக்கால் வைச்சுப் பாருங்கோவன். வெடிப்பு வளர்ந்திருந்தால் நான் ஏறமாட்டன்."

"நான் மிதிக்கிறன்," என்றாள் குணலட்சுமி.

"உன்ரை முதலாளியின்ரை சுத்தியலைக் கேள்," என்று பஞ்சலிங்கம் பெட்டியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டான். அச்சைக் கழற்றவும் தேவையில்லை, கருவியை முனையில் வைத்தாலே காட்டும். கால் மணி நேர வேலை.

அதற்குப் பிறகு லொறி வருகிற ஐந்து மணிக்கு அவன் வேலியோரம் நிற்பான். மச்சானில் அக்கறை என்று அயல் நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான். ஆனால் லொறி முழுசாக வந்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி சொன்னது மெய்யென்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அச்சு முறியத்தான் வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணியாகியும் லொறி வரவில்லை. குணலட்சுமி படலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரை அழைத்தாள். பஞ்சலிங்கம் முகம் கழுவி, வெளுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். சந்தியில் சனம் கேட்கும். நான் அப்பவே சொன்னனான் என்று சொல்லவேண்டிவரும். அதை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டான்.

லொறி வந்தது. இளையதம்பி குதித்து இறங்கி, அக்காவின் கையில் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்தான்.

"ரயர் காத்துப் போட்டுது அக்கா. ஒட்டி எடுக்க நேரமாப் போச்சு."

அவன் போகும்வரைக்கும் அவள் படலையில் நின்றாள். பிறகு புருசனின் வெளுத்த சேட்டைப் பார்த்தாள்.

"அவனைக் கண்டதும் உங்கடை முகம் செத்துப்போச்சு. நான் பாத்தனான்."

பஞ்சலிங்கம் சேட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குத் தூரத்தில் லொறியின் இரைச்சல் கேட்டது. அதோடு சேர்ந்து ஏதோ இரும்பு தட்டுகிற சத்தமும் வந்தது. அவன் வேலியோரம் நின்றான். குணலட்சுமி இன்றைக்குப் படலைக்குப் போகவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.