திருஷ்டிப் பொட்டு

விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. முதுகுக்குப் பின்னால் அவளைக் 'கழுகு' என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. கோபமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். விரிப்பில் ஒரு சுருக்கம், கண்ணாடியில் ஒரு விரல் தடம், எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொரு அறையையும் தானே போய்ப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. முழங்கால்கள் இரண்டும் விடுப்புக் கேட்டுக் கெஞ்சின. யார் கொடுப்பது?

அன்று காலை ஆறாம் மாடிக் குளியலறையில் ஒரு பெரியவர் சுவரிலிருந்த கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மதியம் மேலாளர் போன் செய்தார்.

"அந்த ரூமைச் சுத்தம் பண்ணது யாரு? சாயங்காலத்துக்குள்ள பேரு வேணும். நாளையிலேர்ந்து அவங்க வேலைக்கு வர வேண்டாம்."

சுத்தம் செய்தது ஒல்லி. எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். புருஷன் படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. தலைவிக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலும் வந்தது. தினமும் துடைக்கிறவளுக்குக் கைப்பிடி ஆடுவது தெரியாதா என்ன?

அவள் துணி அறைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒல்லி அழுது முகம் வீங்கி மூலையில் நின்றாள். பக்கத்தில் அண்ணன். தலைவிக்கு உதவியாளர் அவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அண்ணன்.

"கைப்பிடி ஆடுனது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஒல்லி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன்தான் சொன்னார். "தெரியும் மேடம். ஒரு வாரமா ஆடுது. எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க?"

"போன தடவை குழாய் ஒழுகுதுன்னு இவ வந்து சொன்னா. 'உடைச்சது நீதானே'ன்னு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சீங்க. அப்புறம் யாரு மேடம் வந்து சொல்லுவா? ரிப்பேர்காரரை நாங்களா கூப்பிடவும் முடியாது, உங்க கையெழுத்து வேணும்."

"நான் தினம் ரூம் ரூமா ஏறி இறங்குறேனே, அண்ணே! என் கண்ணுல படலையே!"

அண்ணன் தயங்கினார். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் சொன்னார்.

"படாது மேடம். தலையணை ஒண்ணைக் கோணலா வெச்சிடுவோம். நீங்க வந்து கண்டுபிடிப்பீங்க. நாலு வார்த்தை திட்டிட்டு, சரி பண்ணிட்டுப் போயிடுவீங்க. எதுவும் கிடைக்கலைன்னாத்தான் வம்பு, கட்டிலையே புரட்டிப் போடுவீங்க. எங்களுக்குள்ள அதுக்குத் திருஷ்டிப் பொட்டுன்னு பேரு."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள்.

தலைவி அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். நேற்று அதே அறையில் தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தது நினைவுக்கு வந்தது. குளியலறைக் கதவு திறந்துதான் கிடந்தது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்ட திருப்தியோடு போய்விட்டாள். கழுகாம் கழுகு! அவமானத்தில் காது சுட்டது. இத்தனை வருட ஓட்டமும் இவர்கள் போட்ட பொட்டைத் துடைக்கத்தானா?

அங்கேயே, எல்லோர் முன்னாலும், மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், பேரு கேட்டீங்களே. என் பேரை எழுதிக்கங்க."

"தியாகி வேஷமெல்லாம் வேணாம் மேடம். சுத்தம் பண்ணது யாரு?"

"வேஷம் இல்ல சார். நேத்து அந்த ரூமைப் பாத்து 'சரி'ன்னு சொன்னது நான். பழுதைச் சொல்ல வந்தவங்க வாயை அடைச்சதும் நான்தான்."

"உங்களை அனுப்ப முடியாது. ஆனா வரப்போற பிரமோஷனை மறந்துடுங்க" என்று மேலாளர் வைத்துவிட்டார். ஒல்லியின் வேலை தப்பியது.

யாரும் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கும் தெம்பும் இல்லை. எழ முயன்றாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அப்போது ஒல்லி மெதுவாகச் சொன்னாள். "மேடம்... நாலாம் மாடி ஜன்னல் ஒண்ணு கொண்டி உடைஞ்சு கிடக்கு."

'உடைச்சது யாரு' என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் மூச்சு வாங்கியது.

"மாடிப்படில ஒரு டைல் பேந்திருக்கு" என்றாள் இன்னொருத்தி. "இஸ்திரிப் பெட்டியைத் தொட்டா ஷாக் அடிக்குது மேடம்." "பின்பக்க லிஃப்ட் பாதியில நின்னு போகுது." ஒன்று முடியும் முன் அடுத்தது வந்தது.

தலைவிக்கு அழுகை முட்டியது. இத்தனைக்கும் நடுவில்தான் அவள் தினமும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நடந்து போயிருக்கிறாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.