நடுச்சுவரில் ஓட்டை

பூங்காவனத்துக்கு அந்த மாதம் மட்டும் ஒன்பது முறை மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. எண்பத்தெட்டாம் வருஷம் அது. மண்ணூர்பேட்டையில் சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் குரோம் முலாம் பூசும் கம்பெனியில், ஆறு வருஷமாக ஆசிட் தொட்டிப் பக்கம் வேலை பார்த்தாள்.

"ஒடம்பு சூடு. வெந்தயம் ஊறவெச்சுத் துன்னு" என்பார் சூப்பர்வைசர் நாகேந்திரன். அவளும் தின்றுதான் பார்த்தாள். ஒருநாள் சோற்றுத் தட்டிலேயே ரத்தம் சொட்டவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் கஸ்தூரி ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தார். எதிலும் கோளாறு இல்லை. பிறகு மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுக்கொண்டார்.

"மூக்கோட நடுச்சுவர்ல ஓட்டை விழுந்திருக்கும்மா. அந்த ஆசிட் தொட்டிப் புகை அரிச்சிருக்கு. சூடெல்லாம் இல்ல, நீங்க செய்யற வேலைதான் காரணம்."

அவர் எழுதித் தந்த சீட்டைப் படித்துவிட்டு, நாகேந்திரன் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "பரம்பரை வியாதின்னு கையெழுத்துப் போடு. பேக்கிங்குக்கு மாத்தி வுட்றேன்."

"எங்க பரம்பரையில யாரும் தொட்டிகிட்ட நின்னதில்ல சார்" என்றாள் பூங்காவனம். சீட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் வீட்டிலிருந்து டார்ச் கொண்டுவந்தாள். சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக்கு வெளியே, தொட்டியில் வேலை செய்யும் மற்ற பத்துப் பேரையும் அண்ணாந்து உட்காரச் சொல்லி ஒவ்வொருவராகப் பார்த்தாள். துலுக்கானம் சிரித்தார். "எனுக்கு ரத்தமே வர்ல. எனுக்கு இன்னாத்துக்கு?"

"உனுக்கும் கீது அண்ணாத்தே."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவரோடு சேர்த்து நாலு பேருக்கு ஓட்டை இருந்தது.

மணி அடித்தும் பதினோரு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாகேந்திரன் வாசலுக்கு வந்து கத்தினார்.

"புகைய இழுக்கற ஃபேன் மாட்டுங்க சார், வர்றோம்" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே.

தினமும் வந்து அங்கேயே உட்கார்ந்தார்கள். ஆளை மாற்றிவிடுவதாக மிரட்டல் வந்தது. வந்த புது ஆட்களிடம் பூங்காவனம் டாக்டர் சீட்டைப் படித்துக் காட்டினாள். அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். பன்னிரண்டாம் நாள் லாரியில் தகரக் குழாயும் ஃபேனும் வந்து இறங்கின.

ஓட்டை இனி மூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தம் வருவது குறைந்தது, அவ்வளவுதான்.

ஃபேன் போட்ட அன்று எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, பூங்காவனம் ஒரு துண்டுப் பஞ்சைத் தொட்டி விளிம்பில் பிடித்தாள். அது குழாய்ப் பக்கம் விர்ரென்று பறந்தது. பிறகுதான் கையுறையை மாட்டினாள்.