கூட்டத்தில் சொன்ன சொல்

பெட்ரித் கடலில் இறங்கி நீந்திப் போய்விட்டான் என்ற செய்தி சராந்தா ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எதிரே தெரியும் கிரேக்க நாட்டுக் கோர்ஃபு தீவில் கரையேறினானா, அல்பேனியக் காவல் படகு சுட்டதில் மூழ்கினானா என்பதுதான் தெரியவில்லை. யாரிடமும் விசாரிக்க முடியாது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் நாட்டை விட்டு ஓடியவன் துரோகி. அவன் செத்தால் வீட்டார் அழக் கூடாது, பிழைத்தால் சிரிக்கவும் கூடாது.

அவன் தங்கை டோனிகாவுக்குப் பதினாறு வயது. கடற்கரையில் நடக்கும்போதெல்லாம், "உன் மூக்கு இன்னும் கொஞ்சம் நீண்டா கோர்ஃபுவையே தொட்டுடும்டி" என்று அவளைச் சீண்டுவான். அவன் மனம் அந்தப் பக்கமே கிடந்தது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

அப்பா இல்லாத வீடு. அம்மா ஹாவா மறுநாளும் மீன் ஆலைக்கு வேலைக்குப் போனாள். கறுப்பு உடுத்தவில்லை.

"போட்டுக்கிட்டா அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றாள்.

பள்ளியில் கூட்டம் என்றார்கள். டோனிகாவோடு ஒரே பெஞ்சில் உட்காரும் மிமோசா வாசலில் அவளைத் தனியே இழுத்தாள்.

"எழுந்து நின்னு, அவன் எனக்கு அண்ணனே இல்லைன்னு சொல்லிடுடி. அப்போ உங்கள ஊர விட்டு அனுப்ப மாட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"தலைமையாசிரியர்தான்."

வீட்டில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "சொல்லிடு. அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான். என் காதுல விழற மாதிரி ஒத்திகை மட்டும் பாக்காதே."

கூட்டத்தில் டோனிகா எழுந்தாள். "பெட்ரித் என் அண்ணன் இல்ல. அவன் மக்களோட விரோதி."

"சத்தமா" என்றார் கட்சி அலுவலகத்திலிருந்து வந்தவர்.

மறுபடியும் சொன்னாள்.

"அவன் செத்துட்டான்னு சேதி வந்தா?"



"அழ மாட்டேன், தோழர்."

எல்லோரும் கைதட்டினார்கள். மிமோசாவும் தட்டினாள், தலையைக் குனிந்தபடி.

அந்த வாரமே லாரி வந்தது. படுக்கை, பாத்திரம், ஒரு மூட்டைத் துணி, அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளலாம் என்றார் போலீஸ்காரர். டோனிகா அவர் பின்னாலேயே ஓடினாள்.

"நான் கூட்டத்துல சொல்லிட்டேன், தோழர். பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாருங்க."

"கேள்விப்பட்டேம்மா. நல்லாத்தான் சொன்னியாம்" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. "ஏறு."

தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டியதும், இன்ஜின் இரைச்சலுக்குள் அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினாள். "என் ராசா, தண்ணி எவ்ளோ குளிரா இருந்துச்சோ" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். டோனிகா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். தானும் அழ வேண்டும் என்றுதான் நினைத்தாள். கண்ணில் ஒரு சொட்டுகூட வரவில்லை.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"சொல்லாம இருந்தாலும் இந்த லாரி வந்திருக்கும்டி."

அவளுக்கு ஆறுதலாகத்தான் அம்மா அதைச் சொன்னாள். டோனிகாவுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வடக்கே சேற்று நிலத்தில், அனுமதியின்றி வெளியேற முடியாத ஒரு கிராமத்தில் அவர்களை இறக்கிவிட்டார்கள். அங்கே பருத்தி பறித்தே டோனிகாவின் இளமை போனது. ஆட்சி கவிழ்வதற்கு முந்தைய குளிர்காலத்தில் அம்மா இறந்தாள். பெட்ரித்தைப் பற்றி அதுவரை எந்தச் செய்தியும் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை.