நயவஞ்சகம் என்று எழுதினேன்

நான் வேலை பார்க்கும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஈரக் கையுறையோடு பேனா பிடிக்க முடியாது என்பதால், காலையிலேயே அன்றைய படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். முடிவுகளைப் பிறகு நிரப்புவோம். என்னோடு வேலை செய்யும் அக்காதான் முதல் நாளே இதைச் சொன்னார். மாலை நாலரை ஆனதும், "நீ கிளம்பு கண்ணு, பஸ் போயிடும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பதும் அவர்தான். எட்டு மாதமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களைச் சோதிக்க, மூன்று நாளுக்கு முன் மேலாளர் ஒரு பாட்டிலில் சாக்கடை நீரைக் கலந்து மற்றவற்றோடு வைத்திருக்கிறார். ஒன்பதாம் எண். இன்று மதியம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அதன் படிவத்தைக் காட்டினார். கிருமி எண்ணிக்கை சுழியம், குடிக்க உகந்தது. கீழே என் கையெழுத்து. அந்தச் சாய்ந்த சுழியம் மட்டும் அக்காவுடையது.

அக்கா முந்திக்கொண்டார்.

"சின்னப் பொண்ணு சார். தெரியாம பண்ணிட்டா. இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

குரல் தழுதழுத்தது. என் தோளில் கை வைத்தார்.

மேலாளர் விளக்கப் படிவத்தை நீட்டினார். அதைப் பார்த்துத்தான் என் வேலை நிலைக்குமா என்று முடிவு செய்வாராம். அதில் 'பிழையின் தன்மை' என்று ஒரு கட்டம். கவனக்குறைவு என்று போட்டால் அதோடு முடிந்தது என்று அக்கா காதருகே சொன்னார்.

பள்ளியில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நயவஞ்சகம்: இனிமையாகப் பழகி ஏமாற்றுதல். முதலில் இனிமை, பிறகு ஏமாற்று என்று அன்று நினைத்திருந்தேன். கட்டத்தில் அதையே எழுதினேன்.

மேலாளர் நிமிர்ந்தார். "அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதினியா?"

"இப்பதான் சார் தெரியுது. மிச்சத்தைப் பாத்துக்கறேன்னு என்னை நேரத்தோட வீட்டுக்கு அனுப்பினாங்களே, அதான் சார்."

அவர் சூட்டுப்பெட்டி அறைக்குப் போனார். நாங்களும் போனோம். கிருமி வளர்க்கும் தட்டுகள், பாட்டிலுக்கு ஒன்றாக, அந்த நாளுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தன. ஏழிலும் என் எழுத்து. எட்டாம் எண்ணிலிருந்து பாட்டில்களின் மூடியே திறக்கப்படவில்லை. எட்டு மாதமாக ஊர் குடித்த தண்ணீரை நினைத்தேன்.

அக்காவின் முகத்தில் பரிவு குறையவில்லை. "பாத்தீங்களா சார், பாதியிலயே கிளம்பிட்டா."

வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று மேலாளர் என்னைக் கேட்டார். நான்தான் என்றேன். நாளையிலிருந்து இரண்டு பேரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீரேற்று நிலையத்துக்குப் போன் செய்ய ஓடினார்.

அக்கா குழாயடியில் கை கழுவினார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா நீ? முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

"இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன்.