எழுந்து போகாதவர்

சர்ச்சில் மாதாமாதம் அப்பமும் திராட்சைரசமும் தரும் திருவிருந்துக்கு, மூன்றாவது மாதமாக அவர் எழுந்து போகவில்லை. வரிசை வரிசையாக ஜனம் முழங்காலிடப் போனது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் மூடியிருந்தது.

முதல் மாதம் முழங்கால் வலி என்று நினைத்தாள் மனைவி. இரண்டாம் மாதம் கேட்டாள். "தோணல" என்றார். காய்ச்சலோடுகூடப் போன மனுஷனுக்குத் தோணவில்லையாம். மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக்கூடாது என்பதில் அவர் கறார். அப்படியானால் என்ன பாவம்?

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். சந்தேகம் வந்தால் மாதிரி எடுக்காமல் விடமாட்டாள். சட்டைப் பையைத் துழாவினாள். ஒரு பஸ் டிக்கெட், புதன்கிழமையுடையது. புதன் தோறும் நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடுகிறார் என்று பக்கத்துக் கடைத் தையற்காரர் சொன்னார். அன்றைக்கு மட்டும் சவரம் வேறு.

தங்கையிடம் போனில் புலம்பினாள்.

"அக்கா, மாமாவுக்கு அறுபத்திமூணு வயசு. அந்த மூட்டுவலித் தைல வாசனைக்கு எவ மயங்குவா?"

"சிரிக்காதடி. பாடகர் குழுவுல ஒரு விதவை டீச்சர் இருக்கா. இவர்கிட்டதான் கண்ணாடி போட்டா."

"ஊரே அவர்கிட்டதான் போட்டுச்சு. நீயும்தான் போட்ட, உனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

அடுத்த புதன், டிக்கெட்டில் இருந்த நிறுத்தத்துக்கு அவருக்கு முன்னாலேயே போய், மருந்துக்கடை ஓரம் குடையை இறக்கிப் பிடித்து நின்றாள். அவர் இறங்கினார், தள்ளிப் பின்னாலேயே போனாள். இரண்டாவது சந்தில் ஒரு பச்சைக் கதவைத் தட்டினார். திறந்தவள் ஓரகத்தி, இறந்துபோன அவர் தம்பியின் மனைவி.

நிம்மதி வந்திருக்க வேண்டும். குடையை இன்னும் கீழே இறக்கினாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் தம்பி வேறு சபைக்குப் போய், ஆற்றில் மூழ்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தார். "அப்பா உன்னைக் கைக்குழந்தையில தூக்கிட்டுப் போய்க் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?" என்று அண்ணன் கேட்டார். அத்தோடு பேச்சு நின்றது. போன வருஷம் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார். "அண்ணி, அண்ணனை ஒரு தடவை வரச் சொல்லுங்க." சொல்கிறேன் என்றாள். சொல்லவில்லை. இவர் போனால் உருகிவிடுவார், அந்த வீடு இந்த வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்தாள். ஒன்பதாம் நாள் சாவுச் செய்தி வந்தது.

அந்தப் போன் பேச்சின்போது தம்பியின் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள் என்று இப்போதுதான் யோசித்தாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில், "உங்களை அங்க பார்த்தேன்" என்றாள்.

"தெரியும். குடை நம்ம வீட்டுக் குடை."

"அவ என்ன சொன்னா?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி கண்ணாடி ஒடஞ்சுபோச்சுன்னு கடைக்கு வந்தா. ஏன் கடைசியில வரலன்னு கேட்டா. கூப்பிடவே இல்லையேன்னேன். உன்கிட்ட போன்ல சொன்னாரேன்னா." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ பொய் சொல்றான்னு நினைச்சேன். வாரா வாரம் போய்த் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரே மாதிரிதான் சொல்றா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீ ஆமான்னு சொல்லிட்டா?"

"ஆமா" என்றாள்.

அவர் தலையாட்டினார். "இந்தக் கோபத்தை வச்சுக்கிட்டு அந்தக் கிண்ணத்தை எப்படி வாங்குறது? மன்னிக்கணும்னு தினம் ஜெபம் பண்றேன். வரமாட்டேங்குது." எழுந்து தட்டைத் தானே கழுவினார்.

நாலாவது மாதம். பாஸ்டர் அழைத்தார், அவர்கள் வரிசை எழுந்தது. அவளுக்கு வழிவிட அவர் காலை ஒதுக்கினார். அவள் நகரவில்லை.

"போ. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் முதல்ல அவளைப் பாக்கணும்."

முன்வரிசை திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"நான் கூட வரட்டுமா?" என்றார்.

"வேணாம். நீங்க வந்தா உங்களுக்காகக் கதவைத் திறந்துருவா."