தம்பி நிறுத்திய லாரி

மலேசியாவில், யோங் பெங் ஊருக்கு உள்ளே, எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஏறும் காட்டில், என் தம்பி வேலு ஓட்டிய லாரி நாற்பது வருடங்களுக்கு மேல் நின்றது. வெட்டுமரம் இறக்குவதற்காக மாற்றிக் கட்டிய பழைய இராணுவ லாரி. அதற்குக் கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. அந்தச் சரிவில் அதை ஏற்றி இறக்க இந்த வட்டாரத்தில் வேலு ஒருவனால்தான் முடிந்தது. அண்ணன் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவனுக்குப் பிறகு அந்தப் பாதையில் எவரும் லாரி ஏற்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் லாரிப் பாதையின் மரப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போனது. வேலு லாரியை மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்கி வந்தான். மர முதலாளி வேறு கதை சொன்னார். பிரேக் பிடிக்காமல் லாரி உருண்டதாம், வேலு குதித்து ஓடிவிட்டானாம், ஒரு மரம்தான் லாரியைத் தடுத்ததாம். ஊரில் முதலாளியின் பேச்சுதான் நிலைத்தது.

"நான் நிறுத்திட்டுத்தாண்ணே வந்தேன்" என்று வேலு என்னிடம் ஒரே முறை சொன்னான். பிறகு யாரிடமும் வாதாடவில்லை. அவனை நம்பி லாரி கொடுக்கவும் ஆள் இல்லை. எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டியே காலத்தைக் கழித்துக் கண்ணை மூடினான்.

எங்கள் குடும்பத்தில் யாரும் வேலையைப் பாதியில் விட்டு ஓடியது கிடையாது. தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோதும் சரி, ஓய்வுபெற்ற பிறகும் சரி, என் தம்பியை ஓடியவன் என்று சொன்னவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போனதில்லை.

சில வருடங்களுக்கு முன் மலையேறுகிறவர்கள் அந்த லாரியைக் கண்டுபிடித்து இணையத்தில் படம் போட்டார்கள். வேலுவின் லாரி என்று மலாயில் 'லோரி வேலு' என்ற பெயரும் வைத்துவிட்டார்கள். படத்தில் லாரி நிமிர்ந்து நின்றது. ஓடிப்போனவன் விட்ட லாரி இப்படியா நிற்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஆனால் அதன் மூக்கருகே ஒரு மரமும் இருந்தது.

"வாத்தியாரே, அந்த மரத்துக்கு மால போட்டீங்களா? அதானே ஒங்க தம்பிக்கு பிரேக்கு!" என்று தேநீர்க்கடை செல்வா சிரித்தான். அன்றோடு அவன் கடைத் தேநீரை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கின. பலர் வீட்டுச் செருப்போடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் ஏறினார்கள். மரம் இறக்கிய பழைய பாதைகள் உள்ளே பல கிளைகளாகப் பிரியும். மேலே மழை பெய்தால் கீழே ஓடை ஒரே மூச்சில் ஏறிவிடும். வழிதவறியவர்கள் கடைசியில் வந்து சேர்வது காட்டோரத்தில் இருக்கும் வெள்ளையம்மாவின் வீட்டில்தான். அவள் வேலுவின் மனைவி. மாற்றிக்கொள்ளக் கைலி கொடுப்பாள், அட்டைக்கு உப்பு கொடுப்பாள், சோறும் நெத்திலிச் சம்பாலும் போடுவாள். இருட்டுகிறபோது கார் மட்டும் நின்றுகொண்டிருந்தால், தகர டின்னைத் தட்டிக்கொண்டே காட்டுக்குள் போய்க் குரல் கொடுப்பாள். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டி உரமேறிய கால்கள். எத்தனை பேரைக் கூட்டி வந்தாள் என்று அவளும் எண்ணவில்லை, வேறு யாரும் எண்ணவில்லை.

போன மழையில், லாரி பார்க்க வந்த கூலாய் ஊர்ப் பையன் ஒருவனை ஓடை கொண்டுபோனது. மீட்புப் படை வருவதற்குள் அவனைக் கண்டவள் வெள்ளையம்மாதான். ஆட்கள் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு வனத்துறை அதிகாரி சந்திரமதி என் வீட்டுக்கு வந்தார். வெள்ளையம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்.

"லாரிய அங்கயே வெட்டி, துண்டு துண்டா எறக்கப் போறோம் சார். சட்டப்படி உங்கள கேக்கணும்னு இல்ல. ஆனா அவர் பேரச் சொல்லித்தானே எல்லாரும் ஏறுறாங்க. கேக்காம செய்ய மனசு வரல."

"முடியாது" என்றேன். "என் தம்பி ஓடலங்கிறதுக்கு அந்த லாரிதான் சாட்சி. அதையும் வெட்டிட்டா ஊரு பேசுறது மட்டும்தான் மிச்சம். அறிவிப்புப் பலகை வைங்க, வேலி போடுங்க."

"போட்டோம் சார். வேலிகிட்ட நின்னும் செல்ஃபி எடுக்குறாங்க."

மூத்தாரான என் முன்னால் வெள்ளையம்மா உட்கார்ந்து பேசியதில்லை. அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தான், நிறுத்திட்டு வந்தேன்னு அவரு எங்கிட்ட சொன்னாரு. எனக்கு அது போதும். சாட்சி ஒங்களுக்குத்தான் வேணும்."

அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் புள்ளையோட அம்மா என் வீட்டு வாசல்ல உருண்டு அழுதா. என் புருஷன் பேரு நிக்கிறதுக்கு இன்னொரு புள்ள சாகணுமா? வெட்டட்டும்."

சந்திரமதி என்னையே பார்த்தார். "வெட்டும்போது குடும்பத்து ஆள் பக்கத்துல நிக்கணும். நான் வருவேன்" என்றேன். அதற்குமேல் இறங்கிவர எனக்குத் தெரியாது.

வெட்டுகிற நாளன்று ஏறினேன். கைத்தடி நீட்டினார்கள், வாங்கவில்லை. ரப்பர் சப்பாத்து போட்ட வெள்ளையம்மா எனக்கு முன்னால் போய், ஒவ்வொரு மேட்டிலும் வேர் ஏதாவது பார்க்கிறவள் போல நின்றாள். எனக்கு மூச்சு வாங்குவதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

வெட்டுகிறவர்களுக்குத் தலைவர் காளிதாஸ். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கப்பல் இரும்பு வெட்டிப் பழகியவர். அவருடைய ஆட்கள் இரும்பு வெட்டும் கேஸ் தோம்புகளை, அந்தக் கனத்த உருளைகளை, தோளிலேயே சுமந்து அந்தச் சரிவில் ஏற்றியிருந்தார்கள். அப்படி ஒரு சுமையை நான் பார்த்ததில்லை. ஆனால் காளிதாஸ் உடனே தீ மூட்டவில்லை. "எது இவன பிடிச்சிக்கிட்டு நிக்கிதுன்னு மொதல்ல பாக்கணும் வாத்தியாரே. தெரியாம வெட்டுனா நம்ம மேல வந்துருவான்."

மரத்துக்கும் லாரி மூக்குக்கும் நடுவே கையை விட்டார். முழங்கை வரை போனது.

"மரம் பிடிக்கல. தொடவே இல்ல."

அச்சு வரை மூடியிருந்த மண்ணையும் சருகையும் கொத்தி எடுக்கச் சொன்னார். முன்சக்கரங்கள் பாதையோர மேட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. லாரி நகர்ந்திருந்தால் பள்ளத்துக்குப் போகாமல் மேட்டில்தான் முட்டியிருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் இறக்கப் பக்கத்திலும் ஒரு பெரிய ஆற்றுக்கல் ஆப்பு போல இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சரிவில் ஆற்றுக்கல் கிடையாது. ஓடையில்தான் உண்டு. பாலத்தை அடித்துக்கொண்டு போன அந்த மழையில், ஓடைக்கு இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வந்திருக்கிறான்.

காளிதாஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார். "அலமாக்! மனுசன் பூட்டி வெச்சிட்டுல்ல போயிருக்காரு. இத்தன வருசம் ஒரு அங்குலம் நகரல."

நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன். வெள்ளையம்மா குனிந்து ஒரு கல்லின் மேலிருந்த மண்ணைக் கையால் துடைத்தாள்.

அந்தக் கற்களை நம்பியே அவர்கள் மேலிருந்து கீழாக வெட்டினார்கள். கடைசித் துண்டை எடுக்கும்வரை கற்கள் தாங்கின. இரும்பெல்லாம் போன பிறகு சந்திரமதி என்னிடம் வந்தார்.

"கல்ல மட்டும் கீழ கொண்டுவரச் சொல்லட்டுமா சார்? வீட்டு முன்னால வைக்கலாம். எல்லாரும் பாப்பாங்க."

செல்வாவின் கடைக்கு எதிரிலேயே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"வேணாம்மா" என்றாள் வெள்ளையம்மா. "அவரு வெச்ச எடத்துலயே கெடக்கட்டும். வெறும் கல்லப் பாக்க எவன் இவ்ளோ தூரம் ஏறி வரப்போறான்?"

சந்திரமதி என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"என் தம்பி சம்சாரம் சொல்றபடி செய்யுங்க" என்றேன்.